மடியில் விட்டுக்கொண்ட ஓணான்

பச்சோந்தி என்றதும் உங்களுக்கு யாருடைய முகம் நினைவுக்கு வருகிறது என்று கேட்டு உங்களைச் சங்கடத்தில் ஆழ்த்த எனக்கு விருப்பமில்லை. எனக்கும் பல வருடங்களாக அந்தச் சொல், கட்சி மாறியவர்களையும் மேலாளரின் முகக்குறிப்பைப் பார்த்துப் பேச்சை மாற்றும் அலுவலக நண்பர்களையும்தான் நினைவூட்டிக்கொண்டிருந்தது. செகாவ் 1884-இல் எழுதிய ‘பச்சோந்தி’ கதையில் ஒரு நாய் உண்டு. நாய் கடித்த விரல் உண்டு. நிமிடத்துக்கு ஒரு நிறம் காட்டும் போலீஸ் அதிகாரி உண்டு. பச்சோந்தி மட்டும் கிடையாது. இலக்கியத்திலேயே இதுதான் கதி என்றால், சாதாரணப் பேச்சில் அந்தப் பிராணிக்கு எங்கே இடம்? 2023-ஆம் வருடம் ஆடி மாதம் முதல் தேதி காலையில், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நிஜமான பச்சோந்தி ஒன்றைச் சந்திக்கும்வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

உத்திர வீதி வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாசலில் நின்று கூப்பிட்டால் கொல்லையில் இருப்பவருக்குக் கேட்காது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையலறை என்று ரயில் பெட்டிகளைப்போல் ஒன்றன்பின் ஒன்றாகப் போய், கடைசியில் ஒரு கிணறும் கறிவேப்பிலை மரமும் நந்தியாவட்டைச் செடியுமாக முடியும். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், எண்பத்திரண்டு வயதான அம்மாவுக்குத் துணையாக அந்த வீட்டில் இருக்கிறேன். கொசுத் தொல்லைக்காகச் சமையலறை ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்திருந்தோம். அதன் ஒரு மூலையைக் குரங்கு பிய்த்துவிட்டது. அறுந்த கம்பிகள் வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தன. அதைச் சரிசெய்ய வேண்டும் என்று நான்கு மாதங்களாகத் தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று காலை ஆறரை மணிக்கு அம்மா கூப்பிட்டாள். “இங்கே வந்து பாருடா, வலையிலே என்னமோ மாட்டிண்டிருக்கு.”

நந்தியாவட்டையின் கிளையில் நான்கு கால்களாலும் இறுகப் பற்றிக்கொண்டு ஒரு பச்சோந்தி. அதன் வாயிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு கயிறு நான்கு அங்குல நீளத்துக்கு வந்து, வலையின் அறுந்த கம்பியில் முடிந்தது. அது கயிறு அன்று, நாக்கு என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று. இரவு விளக்குக்கு வந்து வலையில் ஒட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒரு அந்துப்பூச்சியைக் குறிவைத்திருக்கிறது. பூச்சி தப்பிவிட்டது, நாக்கு கம்பியில் குத்திக்கொண்டுவிட்டது. எவ்வளவு நேரமாக இழுத்துக்கொண்டிருந்ததோ தெரியாது. உடல் முழுவதும் கறுத்து, ஏறக்குறைய கரி நிறத்தில் இருந்தது.

குறடால் கம்பியை நறுக்கி நாக்கை விடுவித்தேன். சுருங்கி உள்ளே போய்விடும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. வாயிலிருந்து தொங்கியது.

பச்சோந்தியின் நாக்கு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிறகு தேடித்தேடிப் படித்தேன். அதன் தொண்டையில் முன்னோக்கிக் கூராக நீளும் ஓர் எலும்பு உண்டு. அந்த எலும்பின்மேல் உறைபோல மாட்டப்பட்டிருக்கிறது நாக்கின் தசை. இரண்டுக்கும் நடுவே மீள்தன்மை கொண்ட மெல்லிய உறைகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தசை இறுகும்போது அந்த உறைகள் நாணேற்றிய வில்லாக விசையைச் சேமித்துக்கொள்கின்றன. ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரல்களுக்கு நடுவே அழுத்தினால் எப்படித் தெறித்துப் போகிறதோ, அப்படி எலும்பின் நுனியிலிருந்து வழுக்கி நாக்கு பாய்கிறது. இந்த ஏற்பாட்டை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2004-இல் விளக்கினார்கள். நாக்கின் நுனியில் உள்ள எச்சில் மனித எச்சிலைப்போல் ஏறக்குறைய நானூறு மடங்கு பிசுபிசுப்பானது என்று 2016-இல் பெல்ஜியத்தில் அளந்திருக்கிறார்கள்.

பாய்வதற்குத்தான் வில். திரும்பி வருவதற்கு வில் கிடையாது. அது முழுக்கத் தசையின் உழைப்பு. ஆர்மோனியத்தின் துருத்தி மடிப்புகளைப்போல அந்தத் தசை மடிந்து மடிந்து நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுக் கம்பியில் சிக்கி இழுபட்டது அந்தத் தசைதான்.

அப்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. வெளியே தொங்கும் நாக்கு காயக்கூடாது என்று மட்டும் தோன்றியது. கொதித்து ஆறிய நீரைப் பஞ்சில் தொட்டு நனைத்தபடியே, அட்டைப் பெட்டியில் ஈரத்துணி விரித்து, பிடித்திருந்த கிளையோடு அதை வைத்து, ஆட்டோவில் காவிரிப் பாலத்தைக் கடந்து திருச்சிக்கு ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனேன். மேட்டூர் திறந்து ஒரு மாதம் ஆகியிருந்ததால் ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக இரண்டு முறை பெட்டியைப் பார்த்துவிட்டு, “கடிச்சா விஷமாமே சார்?” என்றார். பச்சோந்திக்கு விஷம் கிடையாது. அதை அன்று அவரிடம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எனக்கே தெரிந்திருக்கவில்லை.

மருத்துவர் இளைஞர். பசுக்களுக்கும் நாய்களுக்கும் நடுவே எங்களையும் உட்காரவைத்தார். கைப்பேசியில் தமக்குத் தெரிந்த ஒருவரிடம் நீண்ட நேரம் பேசிவிட்டு வந்தார். எடை பார்த்தார்: 68 கிராம். தொண்டைக்கு அடியில் விரலால் தடவி, எலும்பு முறியவில்லை என்றார். உப்புநீரால் நாக்கைக் கழுவி, பஞ்சுக் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினார். அந்தப் பத்து நிமிடங்களும் பச்சோந்தியின் ஒரு கண் அவரையும் இன்னொரு கண் என்னையும் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு கண்களையும் தனித்தனியாகச் சுழற்ற அதனால் முடியும் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். அந்தப் பார்வைக்கு நடுவில் நிற்பது வேறு அனுபவம்.

“நுனி கறுத்துப் போச்சுன்னா வெட்டித்தான் எடுக்கணும் சார். வெட்டினாலும் உயிர் போகாது. கிட்ட வர்றதைத் தாடையால கவ்விச் சாப்பிடப் பழகிக்கும். ஆனா காட்டுல அது பிழைக்குமாங்கறது வேற கேள்வி” என்றார். ஊசி போட்டார். பிறகு, ஒரு துண்டுச் சீட்டில் தொலைபேசி எண் ஒன்றை எழுதிக் கொடுத்தார். “இது வீட்ல வச்சுக்கற பிராணி இல்ல சார். வனத்துறைக்கு இன்னிக்கே சொல்லிடுங்க.”

அவர் சொன்னது சரி. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சோந்தியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். உலகில் இருநூறுக்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறையப் பாதி மடகாஸ்கர் தீவில். இந்தியாவுக்கு வாய்த்தது ஒன்றே ஒன்று. இலங்கையின் பெயரைத் தாங்கிய ‘கமிலியோ ஜெய்லானிக்கஸ்’ என்பது அதன் அறிவியல் பெயர். சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்று நான் அந்த எண்ணை அழைக்கவில்லை. மறுநாளும் அழைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள்: “வேலியிலே போற ஓணானை எடுத்து மடியிலே விட்டுண்டு, குத்தறது கொடையறதுங்கற கதையான்னா இருக்கு.”

முற்றத்தில் பெரிய தொட்டியில் இருந்த செம்பருத்தியைச் சுற்றிப் பழைய துணிக் கொசுவலையைக் கூடாரமாகக் கட்டினேன். கம்பி என்று எதுவும் அருகில் இருக்கக்கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. காலை எட்டு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் அங்கே வெயில் விழும். அந்த வெயில் இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சத்து உடலில் சேராமல் எலும்பு மெலிந்துபோகும். அதற்கு மேல் போனால் திருச்சி வெயில் கொன்றுவிடும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் பச்சோந்தி சீந்தாது. இலையில் உருளும் துளியைத்தான் அது தண்ணீர் என்று ஒப்புக்கொள்கிறது. ஆகவே மருந்துக்கடையில் சலைன் குழாய் ஒன்று வாங்கி, மேலே ஒரு பாட்டிலைக் கட்டி, இரண்டு விநாடிக்கு ஒரு சொட்டு இலைமேல் விழும்படி திருகிவைத்தேன். இரண்டாம் நாள் பிற்பகலில், குழிந்துபோயிருந்த கண்களோடு அது மெல்ல நகர்ந்து வந்து, இலையோரத்தில் வாயை வைத்தது. தாடை அசைந்தது. நாக்கு உள்ளேயே இருந்தது. அரை மணி நேரம் குடித்திருக்கும். அம்மா கையிலிருந்த விசிறியை அசைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் குடித்தது, இரையைத் தொடவில்லை. பச்சோந்தி காற்றை மட்டுமே உண்டு வாழ்கிறது என்று ரோமாபுரியின் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அவர் பார்த்ததும் ஒருவேளை நாக்கில் அடிபட்ட ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் கையால் ஊட்டச் சொன்னார் மருத்துவர். இங்கேதான் எங்கள் வீட்டின் நிஜமான பிரச்சினை தொடங்கியது. முட்டை ஓடுகூட உள்ளே வந்திராத வீடு அது. அங்கே நான் வெட்டுக்கிளி பிடித்துவந்து, டப்பாவில் அடைத்து, ரேழியில் வைக்க வேண்டும். கரப்பான் பூச்சி வேண்டாம். எந்த வீட்டில் எந்த மருந்து தின்றிருக்குமோ தெரியாது. வயல் வெட்டுக்கிளியும் அதே காரணத்தால் வேண்டாம். கொள்ளிடக் கரைப் புல்வெளிதான் உத்தமம். பழைய வேட்டித்துணியில் வலை தைத்துக்கொண்டு, அறுபது வயதில், அதிகாலையில் புல்லுக்குள் குனிந்து தாவிக்கொண்டிருந்தேன். நடைப்பயிற்சிக்கு வந்த வங்கி நண்பர் ஒருவர் தூரத்திலிருந்தே கும்பிடு போட்டுவிட்டு வேறு பாதையில் போய்விட்டார்.

“ஒரு ஜீவனைக் காப்பாத்தறேன்னு எத்தனை ஜீவனைக் கொல்லப் போறே?” என்று அம்மா கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. குமாஸ்தாப் பழக்கத்தால் கணக்கு மட்டும் எழுதிவைத்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று மூன்றாக, ஏழு வேளை. மொத்தம் 21 வெட்டுக்கிளிகள். முள் நிறைந்த பின்னங்கால்களைக் கிள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் புண்ணில் கீறும். பிறகு சுண்ணாம்புச் சத்துப் பொடியில், இட்டிலிக்கு மிளகாய்ப்பொடி தடவுவதுபோல லேசாகப் புரட்ட வேண்டும். இதை எழுதும்போதும் விரல் கூசுகிறது. அந்த 21-ஐயும் யார் மீட்டிருக்க வேண்டும்?

ஊட்டுவது எப்படி? வாயைப் பலவந்தமாகத் திறக்கக்கூடாது, தாடை உடையலாம். முகத்துக்கு நேராகக் கையை நீட்டினால் அது உடலைப் பக்கவாட்டில் தட்டையாக விரித்து, கறுத்து, சீறி, வாயைப் பிளந்து மிரட்டும். அந்த நேரத்தில் வாயோரத்தில் இரையை வைத்துவிட வேண்டும். பல்லில் பட்டதும் பழக்கத்தால் மென்றுவிடும். அவ்வளவுதான் உத்தி. முதல் நாள் அது வெற்றி பெற்றபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இரவு படுத்தபிறகுதான் உறைத்தது. அது வாயைத் திறந்தது பசியால் அன்று. என்னைக் கண்ட பயத்தால். அந்தப் பயத்தை வரவழைத்து, அதன் வழியாகத்தான் நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாய் எனக்குப் புதிதன்று என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் பிராயத்தில் தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போட்டு ஓணான் பிடிக்காத பையன்கள் குறைவு. அதற்கு ஒரு தர்மநியாயமும் வைத்திருந்தோம். தாகத்தோடு வந்த ராமருக்கு அணில் இளநீர் கொடுத்ததாம். ஓணான் மூத்திரத்தைக் கொடுத்ததாம். ஆகவே அணிலுக்கு முதுகில் மூன்று கோடு, ஓணானுக்கு எங்கள் கையால் மரணம். ராமர் கொடுத்த பெருமாள் பள்ளிகொண்டிருக்கும் ஊரில் இந்தக் கதைக்கு எதிர்க்கதை ஏது? வெறுமனே கல்லால் அடித்தால் விளையாட்டு சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால், பிடித்த ஓணானின் வாயைக் குச்சியால் பிளந்து, தாத்தாவின் மூக்குப்பொடியைக் கொஞ்சம் உள்ளே போடுவோம். அது தலையை ஆட்டி ஆட்டித் தடுமாறும். “ஓணான் சாமியாடுது” என்று கைகொட்டுவோம். பத்து வயதில் பொடி போடுவது என் வேலை. எனக்குத்தான் விரல் நடுங்காது என்று பெயர்.

ஐம்பது வருடம் கழித்து அதே விரல்கள். அதே குலத்தைச் சேர்ந்த வாய். ஓணானும் பச்சோந்தியும் வெவ்வேறு குடும்பம் என்று விலங்கியல் சொல்லும். தமிழ் அப்படிச் சொல்லவில்லை. பசுமையான ஓந்திதான் பச்சோந்தி. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையாரின் பாட்டு ஒன்றில், பாலை வழியில் போகிறவர்கள் சகுனம் பார்க்கும் ஓதி வருகிறது. அரிவாளின் பல்வரிசை போன்ற முதுகு அதற்கு. என் முற்றத்துச் செம்பருத்தியில் இருந்ததற்கும் முதுகு அப்படித்தான் இருந்தது.

இதை அம்மாவிடம் சொன்னேன். மூக்குப்பொடிக் கதையையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நிருக மகாராஜா கதை தெரியுமோ?” என்றாள். பாகவதத்தில் வருகிறது. கொடையில் பேர்பெற்ற அரசன். தானம் கொடுத்த பசு ஒன்று தன் மந்தைக்கே திரும்பிவந்தது தெரியாமல் அதையே இன்னொருவருக்குத் தானம் கொடுத்துவிட்டான். அந்தப் பிழைக்காக ஓணானாகிப் பாழுங்கிணற்றில் கிடந்தான். யாதவப் பிள்ளைகள் கயிறு கட்டி இழுத்தும் வரவில்லை. கிருஷ்ணன் வந்து கையால் தூக்கினான், சாபம் தீர்ந்தது. “ராமர் கதையைச் சொல்லிக் கொன்னேள். கிருஷ்ணர் கதையை யாரும் உங்களுக்குச் சொல்லலை போலிருக்கு” என்றாள். மறுநாளிலிருந்து வெட்டுக்கிளி டப்பாவைப் பற்றி அவள் பேசவில்லை. அதற்காக அதன் பக்கம் போகவும் இல்லை.

ஐந்தாம் நாள் மருத்துவரிடம் திரும்பவும் போனேன். நுனி கறுக்கவில்லை, வீக்கம் வடிந்திருந்தது. அவருக்கு மகிழ்ச்சி. இன்னொரு ஊசி போட்டுக்கொண்டே, “வனத்துறைல சொல்லிட்டீங்கல்ல?” என்று கேட்டார்.

“சொல்லிட்டேன்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். கம்பி என்னுடையது, ஆகவே கடனும் என்னுடையது என்று அப்போது நினைத்தேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அதைக் காப்பாற்றியவன் நானாகவே இருக்க வேண்டும் என்ற ஆசை. மூக்குப்பொடிக் கணக்கை இந்த ஒரு பிராணியைக்கொண்டு தீர்த்துவிடலாம் என்ற கணக்கு. அதற்கு அதன் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

பச்சோந்தி சுற்றுப்புறத்துக்கு ஏற்றபடி நிறம் மாற்றி ஏமாற்றுகிறது என்பது நாம் கட்டிவிட்ட கதை. அதன் நிறம் பெரும்பாலும் அதன் மனநிலை, உடல் வெப்பம், எதிரில் நிற்கும் இன்னொரு பச்சோந்திக்குச் சொல்லும் சேதி. தோலுக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்களின் இடைவெளி கூடிக் குறைவதால் நிறம் மாறுகிறது என்று 2015-இல் ஜெனீவா ஆய்வாளர்கள் மடகாஸ்கர் இனம் ஒன்றில் கண்டு சொன்னார்கள். நான் அருகில் போனால் கறுக்கும். விலகிப்போய்த் தூணோரம் உட்கார்ந்தால் கால் மணியில் இளம்பச்சைக்குத் திரும்பும். பதினேழு நாட்களில் அது ஒருமுறைகூட என்னிடம் பொய் சொல்லவில்லை. உள்ளே இருப்பதை மறைக்கத் தெரியாத பிராணி ஒன்றைப் பிடித்து, மறைப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்குப் பெயராக வைத்திருக்கிறோம். அன்று மருத்துவர் முன்னால் நிறம் மாறியவன் நான்தான்.

பதினொன்றாம் நாள் அது நடந்தது. வழக்கம்போல் கையை நீட்டினேன். அது கறுக்கவில்லை, சீறவில்லை. கிளையில் இரண்டடி முன்னே வந்து, கழுத்தை நீட்டி, என் விரலிலிருந்து வெட்டுக்கிளியைத் தாடையால் கவ்விக்கொண்டது. அன்று முழுவதும் நான் ஒரு குழந்தையைப்போல் இருந்தேன். பெங்களூரிலிருந்து வந்திருந்த தங்கை மகன் கைப்பேசியில் படம் பிடித்து, “மாமா, உங்ககிட்ட பழகிடுத்து!” என்றான். அந்தப் படத்தைப் பெருமையோடு மருத்துவருக்கும் அனுப்பினேன். உடனே அழைத்தார்.

“சார், இது நல்ல சேதி இல்ல. மனுஷன் கையைப் பார்த்து ஓடறதுதான் அதுக்குப் பாதுகாப்பு. ரோட்டோரத்துல ஒரு பையன் கைய நீட்டினா, இது கிட்டப் போகும். இனிமே கையால கொடுக்காதீங்க. இலைமேல விட்டுட்டு மறைஞ்சுக்குங்க. வனத்துறைக்காரங்க இன்னும் ஏன் எடுத்துட்டுப் போகல?”

ரோட்டோரத்துப் பையன் என்று அவர் சொன்னதும் எனக்கு என் பத்து வயது முகம்தான் தெரிந்தது. கையில் ஈர்க்கோடு நிற்கிறான். அவனிடம் போக நான் இதைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். பயத்தின் வழியாக ஊட்டியதற்கு வருந்திக்கொண்டிருந்தேன்; அந்தப் பயம்தான் அதனிடம் மிச்சமிருந்த ஒரே ஆயுதம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“நான் இன்னும் சொல்லல டாக்டர். அன்னிக்குப் பொய் சொன்னேன்” என்றேன். மறுமுனையில் சிறிது மௌனம். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “சரி சார். நாக்கு நீட்டுதான்னு ஒரு வாரம்கூடப் பார்க்க வேண்டாம். சொல்லிடுங்க” என்று மட்டும் சொன்னார்.

அன்றே அந்த எண்ணை அழைத்து நடந்ததைச் சொன்னேன். மருத்துவரின் சீட்டுகளோடு கொண்டுவரும்படி சொல்லி ஒரு நாள் குறித்தார்கள். இடையில் இருந்த நாட்களில் வெட்டுக்கிளியை இலைமேல் விட்டுவிட்டு, கூடத்துக் கதவுக்குப் பின்னால் நின்று இடுக்கு வழியாகப் பார்ப்பேன். பதினைந்தாம் நாள் காலை வெயிலில் அது ஒரு பூச்சியையே வெகுநேரம் இரண்டு கண்களாலும் பார்த்தது. இரண்டு கண்களும் ஒரே புள்ளியில் சேர்ந்தால் குறி வைக்கிறது என்று அர்த்தம். வாய் மெல்லத் திறந்து, நாக்கின் நுனி எட்டிப் பார்த்தது. பாய்ந்தது. மூன்று விரற்கடை தூரம் இருக்கும். முழு நாக்கின் அளவுக்கு அது பாதிகூட இல்லை. பூச்சி ஒட்டியது; நாக்கு தயங்கித் தயங்கி, ஒரு மூச்சு நேரம் வெளியே தொங்கிவிட்டு, உள்ளே போயிற்று. நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அது பச்சையாகவே இருந்தது.

ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்தேன். பெட்டியைத் திறந்து பார்த்த ஊழியர் என்னைவிட வயதில் சின்னவர். “ஐயா, நல்லது செஞ்சிருக்கீங்க. ஆனா சட்டப்படி இது தப்பு, தெரியுமில்ல? அடுத்த தடவை அன்னிக்கே சொல்லிடணும்” என்றார். தலையாட்டினேன். ஸ்ரீரங்கத்தில் மேலூருக்கு அருகே 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வனத்துறையினுடையதுதான். அங்கேயே விட்டுவிடலாமே என்று வாய்வரை வந்தது. பந்தியில் இலை போட்டு உட்காரவைப்பதுபோல் ஆகிவிடும் என்று அடக்கிக்கொண்டேன். கிளையிலிருந்து வேறு கிளைக்கு மாற்றும்போது அது அவரைப் பார்த்துக் கறுத்துச் சீறியது. “கோவக்காரரா இருக்காரே!” என்று அவர் சிரித்தார். எனக்கு அந்தச் சீற்றத்தைக் கேட்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் கேட்டேன். தானாகவே இரை பிடிப்பதை உறுதிசெய்துகொண்டு ஒரு முள்காட்டில் விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். எந்தக் காடு என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ஒப்படைத்துவிட்டு வந்த அன்று மாலை அம்மா, “போயிடுத்தா?” என்றாள். “போயிடுத்து” என்றேன். டப்பாவில் மிச்சமிருந்த நான்கு வெட்டுக்கிளிகளை எடுத்துக்கொண்டு கொள்ளிடக் கரைக்குப் போய், பிடித்த இடத்திலேயே திறந்துவிட்டேன். இரண்டு உடனே தாவின. மற்ற இரண்டும் மூடியிலேயே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தன.

சமையலறை ஜன்னலுக்கு இப்போது புது வலை. மாதத்துக்கு ஒருமுறை வெளிப்பக்கமாகப் போய் அதன் மூலைகளை விரலால் தடவிப் பார்க்கிறேன். நந்தியாவட்டையில் பச்சோந்தி இருக்கிறதா என்றும் அப்போது பார்ப்பதுண்டு. இதுவரை கண்ணில் பட்டதில்லை. இருந்தாலும் இனி என் கண்ணில் படாமல் இருப்பதுதான் அதற்கு நல்லது.